மரக்கவி சுகதகுமாரி

மலையாளக் கவிஞர் சுகதகுமாரி 2020 டிசம்பர் 23 அன்று திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 86. கொரோனா தொற்று நுரையீரல் வரை சென்றிருந்தது. நோய்க்கால விதிகளால் உடலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவில்லை. நகரின் சாந்திகவாடம் மயானத்தில் எரியூட்டல் முடிந்தது. மறுநாள் வந்த அஞ்சலிக் கட்டுரைகளில் பெரும்பாலானவை அவரைக் கவிஞர் என்றும் சூழல் போராளி என்றும் பிரித்துப் பேசின. மனநலம் குன்றி வீதிக்கு வந்த பெண்களுக்காக அவர் தொடங்கிய ‘அபயா’ என்ற அமைப்பு மூன்றாவது பத்தியில் இடம்பெற்றது. ஆனால் கவிதைத் தொகுதிகள் வெளிவந்த ஆண்டுகளையும் அவர் காரியங்களில் இறங்கிய ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. கவிதையில் அவர் யாருக்காக முதலில் அழுதாரோ அவர்களுக்காகத்தான் பின்னால் தெருவில் இறங்கினார்.

அவர் பிறந்தது 1934 ஜனவரியில், பம்பை ஆற்றங்கரையில் உள்ள ஆறன்முளையில். பார்த்தசாரதி கோயிலுக்கும் வள்ளங்களுக்கும் உலோகத்தில் வார்க்கும் கண்ணாடிக்கும் பேர்போன ஊர் அது. அவருடைய குடும்பத்தின் பூர்வீக வீடான வாழுவேலில் தரவாட்டை ஒட்டி ஒரு காவு உண்டு. காவு என்பது நாகங்களுக்கும் குலதெய்வங்களுக்கும் என்று வீட்டு நிலத்துக்குள்ளேயே விட்டுவைக்கும் காட்டுத்துண்டு. அங்கே கத்தி படாது, விறகு பொறுக்குவதில்லை, அந்தி விளக்கு வைக்க மட்டும் ஆள் போகும். சங்கத் தமிழின் ‘கா’ என்ற சொல்லும், தமிழ்நாட்டுக் கிராமங்களில் அய்யனாருக்கு விட்ட கோயில்காடும் இதற்கு நெருங்கிய உறவு. காவைத் தீண்டினால் குளம் வற்றும் என்று மலையாளத்தில் ஒரு முதுமொழி இருக்கிறது. பாம்பின் கோபம் என்று பயமுறுத்திச் சொன்னாலும் அதன் உள்ளே இருப்பது நீரியல். மரம் நிற்கும் மண் மழையைக் குடித்து வைத்து, மெல்லக் கசியவிட்டு, பக்கத்துக் குளத்தை நிரப்பும். சுகதகுமாரி பிற்காலத்தில் தம் சூழல் கட்டுரைத் தொகுதிக்கு ‘காவு தீண்டல்லே’ என்று பெயர் வைத்தது இந்த முதுமொழியிலிருந்துதான்.

தந்தை போதேஸ்வரன் காந்தியவாதி, விடுதலைப் போராட்டக்காரர், கவிஞர். அவர் எழுதிய ‘கேரள கானம்’ என்ற பாடலை 2014-ல் கேரள அரசு மாநிலத்தின் பண்பாட்டுப் பாடலாக அறிவித்தது. தாய் கார்த்தியாயினி அம்மா சமஸ்கிருதம் கற்பித்தவர். மூன்று மகள்களும் எழுத்தாளர்கள்: மூத்தவர் ஹிருதயகுமாரி ஆங்கிலப் பேராசிரியர், திறனாய்வாளர், இளையவர் சுஜாதா தேவி. நடுவில் பிறந்த சுகதகுமாரி திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் தத்துவம் பயின்று 1955-ல் முதுகலைப் பட்டம் பெற்றார். பிறகு மூன்று ஆண்டுகள் மோட்சம் என்ற கருத்தைப் பற்றி ஆய்வு செய்தார். ஆய்வேடு முடியவில்லை. மோட்சத்துக்குத் தமிழில் வீடு என்று பெயர். வீட்டை ஆராய்வதைப் பாதியில் விட்டவர், பிற்பாடு வீடற்றவர்களுக்கு வீடு கட்டுவதில் பாதி வாழ்நாளைக் கழித்தார்.

முதல் கவிதை 1957-ல் ஒரு வார இதழில் புனைபெயரில் வெளிவந்தது. ‘முத்துச்சிப்பி’ (1961), ‘பாதிராப்பூக்கள்’ (1967) என்று தொகுதிகள் தொடர்ந்தன. இரண்டாவதற்கு 1968-ல் கேரள சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இந்தக் காலத்துக் கவிதைகளின் குரல் தனிமையின் குரல். காதல், இழப்பு, கிருஷ்ணன் ஆகியவற்றையே சுற்றிவருவது. அவர் கிருஷ்ணனைப் பாடியவற்றில் அடிக்கடி பேசப்படும் ஒரு கவிதை, கிருஷ்ணனுக்குத் தன்னைத் தெரியாது என்று சொல்லும் ஒரு கோபிகையின் கூற்று. மற்றக் கோபிகையர் குழலோசை கேட்டதும் அடுப்பையும் குழந்தையையும் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். இவள் ஓடவில்லை. வீட்டு வேலைக்குள் நின்றபடியே மனத்தை மட்டும் அனுப்பியவள். பாகவத மரபு கவனிக்காமல் விட்ட பெண் இவள்: ராசலீலைக்கு வராதவள். யாரும் எண்ணிக்கையில் சேர்க்காதவர் பக்கம் போய் நிற்கும் இந்தப் பழக்கம் கவிஞரிடம் கடைசி வரை மாறவில்லை.

‘ராத்ரிமழ’ தொகுதி 1977-ல் வெளிவந்து, அடுத்த ஆண்டு மத்திய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. தலைப்புக் கவிதை இரவு மழையைச் சித்தம் கலங்கிய ஓர் இளம்பெண்ணாகக் காண்கிறது. காரணமின்றி அழுவதும் சிரிப்பதும் தனக்குள் முணுமுணுப்பதுமாக அவள் இருக்கிறாள். மழையைப் பெண்ணாக உருவகிப்பது இந்தியக் கவிதைக்குப் புதிதில்லை. பித்துப் பிடித்த பெண்ணைத் தோழியாக ஏற்று, அவள் அருகில் விடியும் வரை உட்கார்ந்திருப்பதுதான் புதிது. இந்தக் கவிதைக்கு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகே மனநல மருத்துவமனையின் படிகளில் அவர் ஏறினார் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குள் ஒரு காடு குறுக்கிட்டது. பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரி மலைகளின் தென்மேற்கு மூலையில் உள்ள அமைதிப் பள்ளத்தாக்கு 89.52 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பசுமைமாறாக் காடு. உள்ளூர்க்காரர்கள் அதைச் சைரந்திரி வனம் என்பார்கள். நடுவே ஓடும் ஆறு குந்திப்புழை. பாண்டவர் வனவாசக் கதை அந்த ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில்வண்டுகளின் இரைச்சல் இல்லாததால் வெள்ளைக்காரர்கள் இதற்கு ‘சைலண்ட் வேலி’ என்று பெயரிட்டார்கள் என்று சொல்வதுண்டு. சில்வண்டுச் சத்தம் கேட்டதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் காட்டின் தனிச்சிறப்பு சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இந்தக் குரங்கு மரத்தை விட்டு அதிகம் இறங்காது, வெடிப்பலா போன்ற மரங்களின் காய்களை நம்பி வாழ்வது. காடு துண்டானால் அதன் கூட்டமும் துண்டாகிவிடும்.

கேரள மின்வாரியம் குந்திப்புழையின் குறுக்கே 131 மீட்டர் உயர அணை கட்ட முனைந்தது. திட்டக் குழு 1973-ல் ஒப்புதல் அளித்தது. 120 மெகாவாட் மின்சாரம், பாலக்காடு, மலப்புறம் மாவட்டங்களுக்குப் பாசனம், வேலைவாய்ப்பு ஆகியவை அரசு முன்வைத்த காரணங்கள். மலபார் பகுதி மின்சாரத்தில் பின்தங்கியிருந்தது உண்மை. திட்டத்தை ஆதரித்தவர்களை எல்லாம் மரவெட்டிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. நீரில் மூழ்குவது 8.3 சதுர கிலோமீட்டர்தான், பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பது அவர்களின் வாதம். எதிர்த்தவர்கள் தந்த பதில் இது: மூழ்குவது பள்ளத்தாக்கின் அடிவயிறு, ஆற்றோரக் காடு போனால் மேலே மிஞ்சுவது தொடர்பற்ற சரிவுகள், கூடவே சாலையும் குடியிருப்பும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் வருவார்கள்.

இந்த வாதத்தை முதலில் எடுத்துவைத்தவர்கள் இயற்கையாளர்களும் விஞ்ஞானிகளும். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத் எழுதினார். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் திட்டத்தின் பொருளாதாரத்தையே கணக்குப் போட்டுப் பார்த்துக் கேள்வி எழுப்பியது. பறவையியலாளர் சாலிம் அலி குரல் கொடுத்தார். ஆனால் சட்டமன்றத்தில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் அணை வேண்டும் என்பதில் ஒன்றாக நின்றன. அறிக்கைகள் படித்தவர்களோடு நின்றுவிட்டன. அப்போதுதான் எழுத்தாளர்கள் வந்து சேர்ந்தார்கள். ‘பிரகிருதி சம்ரக்ஷண சமிதி’ என்ற இயற்கைப் பாதுகாப்புக் குழு உருவானது; அதன் செயலாளர் சுகதகுமாரி. என்.வி. கிருஷ்ண வாரியர், ஓ.என்.வி. குறுப்பு, அய்யப்பப் பணிக்கர், கடம்மனிட்ட ராமகிருஷ்ணன், விஷ்ணுநாராயணன் நம்பூதிரி போன்றோர் ஊர் ஊராகப் போய்க் கவிதை படித்தார்கள். சுகதகுமாரியின் ‘மரத்தினு ஸ்துதி’ என்ற கவிதை கூட்டங்களின் தொடக்கப் பாடலாயிற்று. கோயிலில் தெய்வத்துக்குப் பாடும் துதியின் வடிவத்தில் மரத்தைப் பாடியதால், பல்லுயிர்ப் பெருக்கம் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்களுக்கும் அது புரிந்தது.

ஏளனம் உடனே வந்தது. ‘மரக்கவிகள்’ என்று பட்டம் சூட்டினார்கள். மரம் என்ற சொல்லுக்குத் தமிழில் இருக்கும் மட்டித்தனம் என்ற பொருள் மலையாளத்திலும் உண்டு. அடி இரட்டை அடி. வளர்ச்சியைத் தடுப்பவர்கள், ஏழைகளின் விளக்கை அணைப்பவர்கள் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. சுகதகுமாரி அந்தப் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, வைத்துக்கொண்டார். அறிவியல் வாதம் இல்லாமல் கவிதை மட்டும் அந்த அணையை நிறுத்தியிருக்காது. கவிதை இல்லாமல் அறிவியல் வாதம் மட்டும் நிறுத்தியிருக்குமா என்பதும் ஐயமே. கேரளத்தில் கவியரங்குக்குக் கூடும் கூட்டம் கட்சி மாநாட்டுக்கு இணையானது. அரசியல்வாதிக்கு அந்தக் கணக்கு தெரியும்.

மத்திய வேளாண் செயலராக இருந்த எம்.எஸ். சுவாமிநாதன் அந்தப் பகுதியை ஆராய்ந்து, அமைதிப் பள்ளத்தாக்கையும் அட்டப்பாடி, புதிய அமரம்பலம் காடுகளையும் தமிழ்நாட்டின் குந்தாவையும் சேர்த்து 389.52 சதுர கிலோமீட்டரில் ஒரு மழைக்காட்டு உயிர்க்கோளக் காப்பகம் அமைக்கலாம் என்றார். பிறகு எம்.ஜி.கே. மேனன் தலைமையில் கூட்டுக் குழு அமைந்தது. 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, 1985 செப்டம்பர் 7 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியால் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. 1986-ல் மத்திய அரசின் இந்திரா பிரியதர்சினி விருட்சமித்திர விருது சுகதகுமாரிக்கு வழங்கப்பட்டது.

வெற்றி விழாவோடு நின்றுவிடாமல் அவர் அடுத்த மலைக்குப் போனார். அமைதிப் பள்ளத்தாக்கின் கிழக்கே, மழைமறைவில் கிடக்கும் அட்டப்பாடி இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடிகளின் நிலம். நீலகிரியில் பிறக்கும் பவானி கேரளத்துக்குள் இறங்கி, அட்டப்பாடியைச் சுற்றி, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்து காவிரியில் கலக்கிறது. கோவைக்குக் குடிநீர் தரும் சிறுவாணியும் அந்தப் பகுதியில்தான் பவானியோடு சேர்கிறது. ஆகவே அட்டப்பாடியின் மொட்டை மலை கேரளத்தின் துயரம் மட்டுமில்லை. கொங்கு நாட்டு வாய்க்காலுக்கும் அதில் பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் குடியேற்றமும் மரவெட்டும் அந்த மலைகளைச் சுரண்டின; பழங்குடிகள் தங்கள் ஊரிலேயே சிறுபான்மையானார்கள். பொம்மியம்பாடி என்ற இடத்தில் வெறும் பாறையும் புல்லுமாக இருந்த ஒரு மலைச்சரிவை எடுத்துக்கொண்டு, பழங்குடி மக்களையும் இளைஞர்களையும் வேலையில் சேர்த்து மரம் வளர்க்கும் முயற்சி எண்பதுகளின் நடுவில் தொடங்கியது. அதற்குக் கிருஷ்ணவனம் என்று பெயர்.

காட்டை அழியாமல் காப்பதும் அழிந்த காட்டைத் திரும்ப வரவழைப்பதும் வேறு வேறு வேலைகள். முன்னதற்குக் கூட்டமும் மனுவும் போதும். பின்னதற்குக் கோடையில் தீ வராமல் பார்க்க ஆள் வேண்டும், கன்றைத் தின்னும் ஆட்டை விலக்க வேலி வேண்டும், ஆடு மேய்ப்பவரோடு சண்டை வராமல் பேசும் வாய் வேண்டும். மழைமறைவு நிலத்தில் முதல் சில ஆண்டுகள் வேர் பிடித்தால்தான் மண் தங்கும். மண் தங்கினால்தான் விதை தானாக முளைக்கும். மேடையிலிருந்து இறங்கி அத்தனை பொறுமையோடு காத்திருந்த கவிஞர்கள் எந்த மொழியிலும் குறைவு. மொட்டைச் சரிவை மரம் மூடியது. அவர் செய்த காரியங்களில் விருதுக்குழுக்கள் குறைவாகக் கண்டுகொண்டதும் தரத்தில் மேலானதும் இதுதான் என்று சொல்லலாம்.

1985-ல் அவர் திருவனந்தபுரத்தில் ஓர் அரசு மனநல மருத்துவமனைக்குள் சென்று பார்த்தார். பூட்டிய அறைகளில் ஆடையும் போதிய உணவும் இன்றிக் கிடந்த பெண்களின் நிலையைப் பொதுவெளியில் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், அடைக்கலம் என்று பொருள்படும் ‘அபயா’ என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். தொடக்கத்தில் அதன் கேள்வி சிறியது: நோய் தணிந்த பெண்ணை வீட்டார் அழைத்துப்போக மறுத்தால் அவள் எங்கே போவாள்? மருத்துவமனை அவளை வைத்திருக்க முடியாது. வீதி அவளை விழுங்கிவிடும். இந்த இடைவெளியில்தான் ‘அத்தாணி’ என்ற பெண்கள் இல்லம் எழுந்தது. அத்தாணி என்பது வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறச் சாலையோரம் நட்டிருக்கும் கல்மேடை, தமிழில் சுமைதாங்கி. கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கம் தமிழகத்திலும் இருந்தது. பெண் இல்லத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை அகராதியில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சொல்லைச் சாலையில் பார்த்தவருக்குத்தான் அது தோன்றும்.

பிறகு திருவனந்தபுரத்தை அடுத்த மலயின்கீழில் பத்து ஏக்கர் நிலத்தில் அபயகிராமம் உருவானது. 1992-ல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் தலாய் லாமா. மனநோயாளிகளுக்கான பராமரிப்பு, போதை மீட்பு மையமான ‘போதி’, ஆதரவற்ற சிறுமியருக்கான இல்லம் என்று வேலை விரிந்தது. இதுபோன்ற நிறுவனங்களை நிறுவனரின் புகழ் தாங்கும். நிறுவனரின் புகழே அவற்றைச் சிறுக்கவும் வைக்கும். நன்கொடையாளர் கவிஞரைப் பார்க்க வருகிறார், நோயாளியைப் பார்க்க வருவதில்லை. இந்தச் சிக்கலிலிருந்து அபயாவும் முழுக்கத் தப்பியது என்று சொல்ல முடியாது. ஆனாலும் மனநோயாளியைக் கட்டிப்போடுவதும் ஒளித்து வைப்பதும் இயல்பாக இருந்த காலத்தில், பைத்தியம் என்ற சொல்லுக்குள் ஒரு பெண் இருக்கிறாள் என்பதைக் கேரளத்தின் நடுத்தர வர்க்கம் அந்தக் கவிஞரின் வாயிலிருந்து கேட்டது. ‘ராத்ரிமழ’யைப் பள்ளிப் பாடமாகப் படித்திருந்தவர்களுக்கு அந்தப் பெண் முன்பே அறிமுகமானவள்.

அரசுப் பொறுப்புகளும் அவரைத் தேடி வந்தன. திருவனந்தபுரம் ஜவகர் பாலபவனின் முதல்வராகவும், ‘தளிர்’ என்ற சிறுவர் இதழின் ஆசிரியராகவும் இருந்தார். 1996-ல் கேரள மாநில மகளிர் ஆணையம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான். 2001 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். விருதுகளும் வரிசையாக வந்தன: ‘அம்பலமணி’ தொகுதிக்கு 1984-ல் வயலார் விருது, 2006-ல் பத்மஸ்ரீ, 2009-ல் எழுத்தச்சன் விருது, ‘மணலெழுத்து’ தொகுதிக்கு 2012-க்கான சரஸ்வதி சம்மான்.

எண்பது வயதில் சொந்த ஊர் அவரைத் திரும்ப அழைத்தது. ஆறன்முளையில் சுமார் 500 ஏக்கர் வயலும் சதுப்பும் கொண்ட நிலத்தில் ஒரு தனியார் நிறுவனம் விமான நிலையம் கட்ட முன்வந்தது. வெள்ளக் காலத்தில் பம்பையின் நீரை வாங்கிவைத்துக்கொள்ளும் தாழ்நிலம் அது. 2014-ல் நடந்த 108 நாள் சத்தியாகிரகப் பந்தலில் இடதுசாரிகளும் சங்கப் பரிவாரத்தினரும் காங்கிரசின் அதிருப்தியாளர்களும் வந்து உட்கார்ந்தார்கள். கேரளத்தில் அபூர்வமாகக் காணக்கூடிய காட்சி. நடுவில் வெள்ளைமுடியோடு சுகதகுமாரி. 2014 மே 28 அன்று சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு திட்டத்துக்கான சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் ஆறன்முளை நீரில் மூழ்கியபோது, தாழ்நிலம் எதற்கு என்பதை விளக்க யாரும் கவிதை எழுத வேண்டியிருக்கவில்லை.

எல்லோருக்கும் உகந்த பெரியவராக அவரைக் காட்டுவது சரியாகாது. 2017-ல் ஒரு நேர்காணலில், வெளிமாநிலத் தொழிலாளர் வருகை கேரளத்துக்குப் பண்பாட்டுக் கேட்டைக் கொண்டுவரும் என்ற பொருளில் பேசினார். கடும் கண்டனம் எழுந்தது, நியாயமான கண்டனம்தான். காடிழந்த பழங்குடிக்கு இரங்கத் தெரிந்தவருக்கு, வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்து கேரளத்தின் வீடுகளைக் கட்டும் கூலித் தொழிலாளியும் நிலமிழந்தவர்தான் என்பது தெரியாமல் போனது வியப்பு. கவிதையைப் பற்றியும் குறை சொன்னவர்கள் உண்டு. எண்பதுகளுக்குப் பிறகு கண்ணீர் அதிகம், சொல் தளர்ச்சி அதிகம் என்றார்கள். மேடையில் ஆயிரம் பேர் கேட்க எழுதும் கவிதைக்கு, தாளில் ஒருவர் படிக்க எழுதும் கவிதையின் இறுக்கம் இருக்காது. அந்த விலையைத் தெரிந்தேதான் அவர் கொடுத்தார் என்று தோன்றுகிறது.

தம் இறுதிச் சடங்கைப் பற்றி அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அரசு மரியாதை வேண்டாம், துப்பாக்கி வேட்டு வேண்டாம், மலர்வளையம் வேண்டாம், சடலத்தின் மேல் பூவைக் குவிக்க வேண்டாம், அனுதாபக் கூட்டம் வேண்டாம் என்று நீண்ட பட்டியல் அது. வேண்டும் என்று கேட்டது ஒன்றே: ஓர் ஆலமரம். அபயா நிலத்தில் பாறையை ஒட்டி அதை நட வேண்டும். பறவைகள் வந்து பழம் தின்னும். அதன் அடியில் பெயர் எதையும் எழுதி வைக்கக் கூடாது.